அச்சங்குளத்துப் பொங்கலில் காணாமல் போன தகப்பன்

விஸ்வநத்தம் செல்வலட்சுமிக்குச் சிரிப்பு சத்தமாகத்தான் வரும். கம்பி மத்தாப்பு பேக்கிங் ஷெட்டில் அவள் சிரித்தால், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் கம்பியை மருந்தில் முக்கிக்கொண்டிருப்பவர்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். புருஷனைப் பிரிந்து, கையில் ஒரு பெண்பிள்ளையோடு தனி வீடு எடுத்து இருக்கிறவள் இப்படிச் சிரிக்கலாமா என்று தெருவில் சிலருக்குக் குறை.

"அழுதா மட்டும் அரிசி விலை இறங்கிருமாக்கும்?" என்பாள் அவள்.

புருஷன் முனியராஜ் அச்சங்குளத்துக்காரன். மைக் செட்டு வைத்திருந்தான். அவனைக் கெட்டவன் என்று அவளே சொன்னதில்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் வீட்டில் இருக்க மாட்டான். கோயில் பொங்கல், காதுகுத்து, சடங்கு, கட்சிக் கூட்டம் என்று எந்த ஊரில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டக் கூப்பிட்டாலும் ஓடிவிடுவான். போனால் சேர்ந்தாற்போல் நாலு நாள் வர மாட்டான். வந்தாலும் ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துக் கூடம் முழுக்கப் பரப்பிக்கொண்டு அதற்குள் தலையை விட்டிருப்பான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னால் "ம்" என்பான். அரிசி தீர்ந்துபோனது என்றாலும் அதே "ம்"தான்.

"ஊருக்கே கேக்குற மாதிரி சத்தம் வைக்கிறீக. நான் பேசுறது மட்டும் உங்க காதுல விழ மாட்டேங்குது" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். அதற்கும் "ம்" என்றான்.

2002-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் இரண்டு பேரும் சம்மதித்து விவாகரத்து வாங்கினார்கள். ஜீவனாம்சம் எவ்வளவு கேட்கிறாய் என்று வக்கீல் கேட்டபோது செல்வலட்சுமி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அலுமினியத் தூள் ஏறி அவை வெள்ளியாய் மினுங்கின.

"எனக்கு எதுவும் வேணாம். எம்பிள்ளைக்கும் வேணாம். நாங்க பொழச்சுக்கிடுவோம். அப்படியே எழுதுங்க."

எழுதினார்கள். கையெழுத்துப் போட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் தூங்கிய மகள் சினேகாவின் தலையைத் தடவிக்கொண்டே வந்தபோது, தான் ஒரு சாண் உயர்ந்துவிட்டது போல இருந்தது அவளுக்கு.

அந்த உயரம் சில மாதங்கள் தாங்கியது. தீபாவளி முடிந்தால் கம்பெனி சாத்தியிருக்கும். திறந்தாலும் வாரத்தில் பாதி நாள்தான் வேலை. சினேகா ஒன்றாம் வகுப்புக்குப் போக ஆரம்பித்ததும் சீருடை, செருப்பு, நோட்டு என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் தனக்கு எடுத்து வைப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். அப்போதும் அவனிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. போட்ட கையெழுத்தைத் தின்ன முடியுமா?

அடுத்த மாசியில் பள்ளிக்கூட மைதானத்தில் இலவசச் சட்ட முகாம் நடந்தது. டீயும் போண்டாவும் உண்டு என்று பக்கத்து மேசையில் பேக்கிங் செய்யும் சோலையம்மாள் கூப்பிட்டதால்தான் போனாள். சிவகாசியிலிருந்து வந்திருந்த ஞானசுந்தரி என்ற வக்கீல் பேசினார். சொத்து, வரதட்சிணை எல்லாம் பேசிவிட்டு ஜீவனாம்சத்துக்கு வந்தார். பெண்டாட்டி தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். பிள்ளைக்கு வேண்டாம் என்று அவள் எழுதிக் கொடுத்தால் அது செல்லாது என்றார்.

செல்வலட்சுமி வாயில் போண்டாவோடு எழுந்து நின்றாள்.

"மேடம், நான் எழுதிக் குடுத்துட்டனே. கோர்ட்லயே குடுத்துட்டேன்."

"எங்கம்மா வேலை பாக்குறீங்க?"

"மத்தாப்பு பேக்கிங்குல."

"உங்க சம்பளத்த வேண்டாம்னு நீங்க சொல்லலாம். பக்கத்து மேசைக்காரியோட சம்பளத்த வேண்டாம்னு நீங்க கையெழுத்துப் போட முடியுமா?"

"எவ போடுவா? போட்டா நான் விட்ருவேனா?" என்றாள் பக்கத்தில் நின்ற சோலையம்மாள். மைதானம் சிரித்தது.

"அதே கதைதான். தகப்பன் கொடுக்கிறது உங்க பிள்ளையோட சோறு. அத வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது. நீங்க எழுதிக் கொடுத்ததால அவர் பொறுப்பும் தீராது."

செல்வலட்சுமி உட்கார்ந்தாள். போண்டாவை மென்று விழுங்கக் கொஞ்ச நேரம் ஆனது. இரண்டு வருடமாகத் தன் வீம்புக்குத் தானே கைதட்டிக்கொண்டிருந்தோம் என்று உறைத்தது. வீட்டுக்குப் போய், தூங்கும் பிள்ளையைப் பார்த்து, "ஒனக்குச் சேர வேண்டியதத் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கேன் பாரு" என்றாள்.

மறுவாரமே ஞானசுந்தரி அம்மா காசு வாங்காமல் சிவகாசி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டார். அத்தோடு காரியம் நின்றது. முனியராஜ் கையில் சம்மனைக் கொடுக்க முடியவில்லை.

சம்மனைக் கொண்டுபோகிற பொறுப்பு ஊர்க்காவலன் என்கிற ஏட்டுக்கு. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தவர், பருத்த உடம்பு, ஒரு பழைய டிவிஎஸ் மொபெட். அவர் அச்சங்குளத்துக்குப் போகும்போதெல்லாம் முனியராஜின் அக்கா சுப்புத்தாய் வாசலிலேயே வழிமறிப்பாள்.

"தம்பி ஊர்லயே இல்லையே ஏட்டையா. வேலை கெடைக்காம கேரளாவுக்குப் போயிட்டான். மோர் சாப்பிடுறீகளா?"

ஏட்டு மோரைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவார். அடுத்த வாய்தாவுக்கும் அதே கேரளா, அதே மோர்.

"ஏம்மா, மோர் குடிச்சுக் குடிச்சு எனக்குச் சளி பிடிச்சிரும் போல" என்று கோர்ட் வாசலில் செல்வலட்சுமியிடம் புலம்பினார்.

"ஏட்டையா, வைகாசியில அவுக ஊர்ல காளியம்மன் கோயில் பொங்கல். வேற எந்த ஊர்ல இருந்தாலும் அன்னைக்குச் சொந்த ஊர்ல குழாய் கட்டாம இருக்க மாட்டாரு. காக்கிச் சட்டையும் தொப்பியும் வேணாம். வேட்டி கட்டிட்டு வாங்க."

பொங்கலன்று சாயங்காலம் அவள் சினேகாவுக்குப் பச்சைப் பாவாடையும் சட்டையும் போட்டு, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து, சாத்தூர் வழியாக அச்சங்குளத்துக்குப் போய் இறங்கினாள். கோயிலைச் சுற்றி ஜே ஜே என்று கூட்டம். மேடையின் நெற்றியில் சீரியல் பல்பு ஓடும் பெரிய பலகை: முனியராஜ் சவுண்ட் சர்வீஸ், அச்சங்குளம். கேரளாவில் வேலை தேடுகிறவனின் பெயர் சிவப்பும் பச்சையுமாக எரிந்து எரிந்து அணைந்தது. வேட்டி கட்டிய ஊர்க்காவலன் அதைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஆனால் ஆள் இல்லை. மேடைக்குப் பின்னால் பார்த்தார்கள். ஜெனரேட்டர் பக்கம் பார்த்தார்கள். "இப்ப இங்கனதான் இருந்தாரு" என்றார்கள். கூட்டத்தில் தேடுவது என்றால் விடிந்துவிடும்.

மைக்கைப் பிடித்திருந்தவர் விழாக் கமிட்டிக்காரர் சங்கிலிமுத்து. நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை வாசித்துக்கொண்டு, இடையிடையே காணாமல் போன பிள்ளைகளையும் அறிவித்துக்கொண்டிருந்தார். சிவப்புச் சட்டைப் பையன் ஒருவனை அவன் தாய் வந்து முதுகில் ஒன்று வைத்துக் கூட்டிப் போனதைச் செல்வலட்சுமி பார்த்தாள். நேராக மேடை ஏறினாள்.

"அண்ணே, ஒரு அறிவிப்பு."

சங்கிலிமுத்து சினேகாவைப் பார்த்தார். அவள் ஒரு பொட்டலம் காராச்சேவைக் கொறித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா தொலைஞ்சு போச்சா? நீங்க யாரும்மா?"

"நான் அவளுக்கு ஆத்தா. பாப்பா தொலையல. அவ அப்பனத்தான் ரெண்டு வருசமாக் காணோம். பேரு முனியராஜ்."

சங்கிலிமுத்து தலைக்கு மேல் எரியும் பலகையை ஒருதரம் பார்த்தார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "நம்ம முனியராஜா?" என்று கேட்டார்.

"அவருதான். பொய் எதுவும் சொல்ல வேணாம்ணே. உள்ளதச் சொன்னாப் போதும்."

அவர் வீட்டிலும் பெண்பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமினார்.

"அன்பார்ந்த பக்தகோடிப் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. விஸ்வநத்தத்திலிருந்து வந்துள்ள சினேகா என்ற ஆறு வயதுச் சிறுமி, பச்சைப் பாவாடை சட்டை அணிந்து, தன் தகப்பனாரைக் காணாமல் தேடி மேடைக்கு வந்திருக்கிறார். தகப்பனார் முனியராஜ் எங்கிருந்தாலும் உடனடியாக விழா மேடைக்கு வரவும்."

முனியராஜ் அப்போது கோயிலுக்கு வடக்கே ஒரு பனைமரத்தின் உச்சியில் இருந்தான். காற்றுக்குத் திரும்பிக்கொண்ட குழாயை நேராக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். அறிவிப்பு அவன் காதுக்கு ஒரு முழ தூரத்தில் முழங்கியது. சினேகா, தகப்பனார், தேடி என்ற மூன்று சொற்கள்தான் அவனுக்கு விளங்கின. இவ்வளவு பெரிய கூட்டத்தில் தன் பிள்ளை தனியாக நிற்கிறது என்று நினைத்துவிட்டான். மரத்திலிருந்து இறங்கினானா சறுக்கினானா என்று பார்த்தவர்களுக்கே தெரியவில்லை. நெஞ்சிலும் முழங்கையிலும் தோல் உரிந்திருந்தது. இடுப்பில் கட்டிங் பிளேயர் தொங்க, செருப்பில்லாமல் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து மேடையில் ஏறினான். பிள்ளையை வாரித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"எங்கத்தா போன? ஆத்தா எங்க? யாரு கூட வந்த?"

"நான் எங்கயும் போகல" என்றாள் சினேகா. சேவு ஒட்டிய விரலால் அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நீங்கதான் போயிட்டீக."

அவன் பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மேடைத் தூணுக்குப் பக்கத்தில் நின்ற செல்வலட்சுமி தோல் உரிந்த அவன் முழங்கையைப் பார்த்தாள். சிரிக்கலாம் என்று வந்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுஷனுக்குக் காது கேட்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஊர்க்காவலன் மெதுவாக முன்னால் வந்தார். "முனியராஜ்ங்கிறது நீதானப்பா? கேரளாவுல இருந்து எப்ப வந்த? இதுல ஒரு கையெழுத்துப் போடு."

முனியராஜ் பிள்ளையை இறக்காமலே, ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டான். பிறகுதான் செல்வலட்சுமியைப் பார்த்தான்.

"நீதானா இதெல்லாம்?"

"நானேதான்."

"எம்மைக்குலயே என்னையக் கூப்பிட்டுட்ட."

"வேற எப்படிக் கூப்பிட்டாலும்தான் ஒங்களுக்குக் கேக்காதே."

சங்கிலிமுத்து மைக்கைப் பொத்த மறந்திருந்தார். மூன்று தெருவுக்கு இது கேட்டது. முதலில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு கோயிலே சிரித்தது. முனியராஜும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். சுப்புத்தாய் மட்டும் அதற்கப்புறம் ஏட்டுக்கு மோர் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

வாய்தாவுக்கு ஒழுங்காக வந்தான். விவாகரத்துக் காகிதத்தின் நகலை மாஜிஸ்திரேட்டிடம் நீட்டினான்.

"எல்லாம் முடிஞ்சு போச்சுங்கய்யா. எதுவும் வேணாம்னு அவளே எழுதிக் குடுத்திருக்கா."

மாஜிஸ்திரேட் படித்துப் பார்த்தார். "முடிஞ்சது உங்க ரெண்டு பேர் கல்யாணம். நீ அப்பாங்கிறது இந்தக் காகிதத்துல எங்கப்பா முடிஞ்சிருக்கு? அப்படி முடிச்சுவைக்க எந்தக் கோர்ட்டாலயும் முடியாது."

வருமானம் நிலையில்லை, ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே கிடையாது, சும்மாதான் இருக்கிறேன் என்றான் முனியராஜ். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆடி மாசம் அம்மன் கோயில்ல எல்லாம் ரேடியோ தானாவா பாடுது?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்து அடங்கியது. அடுத்து அவர் செல்வலட்சுமியின் பக்கம் திரும்பி அவளுடைய கூலியையும் கேட்டார். அவள் திடுக்கிட்டாள். என்னிடம் ஏன் கேட்கிறார்கள்?

"பிள்ளைய வளர்க்கிற கடமை ரெண்டு பேருக்கும் உண்டும்மா. நீங்க வீட்ல வச்சு, ஆக்கிப் போட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி உங்க பங்கச் செஞ்சிட்டுத்தான் இருக்கீங்க. அவர் பங்குதான் பாக்கி."

சினேகாவுக்குப் பதினெட்டு வயது முடிகிற வரை மாதாமாதம் முதல் வாரத்துக்குள் தகப்பன் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. அவன் தாங்கக்கூடிய தொகைதான். வெளியே வேப்பமரத்தடியில் முனியராஜ் தயங்கி நின்றான்.

"அப்ப நான் பாப்பாவ வந்து பாக்கலாமா?"

"பாருங்க. ஆனா ஒண்ணு சொல்லிருதேன். நீங்க பணம் குடுக்குறதுனால காட்டல. பிள்ளையக் காட்டுறதுக்காக நீங்க குடுக்கவும் இல்ல. அது வேற, இது வேற."

முதலில் மணியார்டர் வந்தது. பிறகு அவனே வர ஆரம்பித்தான். கமிஷன் மிச்சம் என்று காரணம் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் சினேகாவைப் பக்கத்து ஊர்ப் பொங்கல்களுக்குக் கூட்டிப் போனான். அவள் ஒயர் சுற்றப் பழகினாள். திரும்பி வந்ததும் தகப்பன் வாங்கிக் கொடுத்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். கேட்டுக்கொண்டே வீடு கூட்டும் செல்வலட்சுமிக்குச் சில நாள் நெஞ்சில் ஒரு முள் குத்தும். சோறும் குளிப்பாட்டலும் வீட்டுப்பாடமும் தன் பக்கம், பஞ்சு மிட்டாயும் ராட்டினமும் அவன் பக்கம். ஆனால் தூக்கத்தில் பிள்ளை கால் தூக்கிப் போடுவது தன்மேல்தான் என்று நினைத்துக்கொண்டதும் முள் விழுந்துவிடும்.

ஒரு மார்கழியில் அவன் கொடுக்காமல் இழுத்தான். அடுத்த மாதமும் வரவில்லை. செல்வலட்சுமி சண்டைக்குப் போகவில்லை. ஞானசுந்தரி அம்மாவிடம் போனாள். பாக்கி வைத்தால் வாரண்டு வரும், உள்ளேயும் போக வேண்டியிருக்கும் என்று கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் போனது. அவன் இரண்டு மாதத்துக்கும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்தான்.

"நேர்ல ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீங்க எதாச்சும் சொல்வீக, நான் எதாச்சும் சொல்வேன். பிள்ளைக்கு முன்னால அது எதுக்கு? டீ போடவா?"

சண்டை போடுவதைவிட மனுப் போடுவது லேசு என்று அவள் கண்டுகொண்டிருந்தாள். பேக்கிங் ஷெட்டில் இந்த வித்தை பரவியது. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துக் கம்பெனிப் பெண்கள்கூட அவளைத் தேடி வந்தார்கள். எல்லோருக்கும் அவள் முதலில் சொல்வது ஒன்றுதான்: "எனக்கு வேணாம்னு வீம்பு பேசு. பிள்ளைக்கு வேணாம்னு பேசாத." பிறகு ஞானசுந்தரி அம்மாவின் ஆபீசுக்கு வழி சொல்வாள். சிலபேரைக் கையோடு கூட்டியும் போனாள்.

2008-இல், சினேகா ஐந்தாவது படிக்கும்போது, முனியராஜ் ஒரு நாள் மினி வேனிலிருந்து ஒரு புத்தம் புது சிவப்பு சைக்கிளை இறக்கினான். மணி, கூடை, கைப்பிடியில் தொங்கும் குஞ்சம் எல்லாம் இருந்தன. சினேகா கண்ணிமைக்கும் நேரத்தில் அதில் ஏறி தெருக்கோடிக்குப் போய்விட்டாள். அவன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"இந்த மாசத்துக்கு இத வச்சுக்கிடு, லட்சுமி. ரெண்டும் ஒண்ணுதான?"

"எப்படி ஒண்ணாகும்? சைக்கிள வடிச்சுத் தட்டுல போடவா?"

"எம்புட்டு விலை தெரியுமா அது?"

"நல்ல சைக்கிள்தான். அப்பன் ஆசையா வாங்கிக் குடுத்தது. அந்த ஆசையக் கணக்குல கழிக்கலாமா, நீங்களே சொல்லுங்க. இல்லேன்னா கடையில திருப்பிக் குடுத்துட்டு வாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

இரண்டு பேரும் தெருவைப் பார்த்தார்கள். சினேகா மணியை அடித்துக்கொண்டே திரும்பி வந்துகொண்டிருந்தாள். நாலைந்து பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தன.

"இவகிட்ட இருந்து அத எவன் பிடுங்குறது?" என்றான் முனியராஜ். சட்டைப் பையைத் தடவி, இருந்ததை எடுத்து வைத்தான். மீதியைச் சனிக்கிழமை தருவதாகச் சொன்னான். சொன்னபடி தந்தான்.

அந்தச் சனிக்கிழமை அவன் போன பிறகு சினேகா தாயின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீயும் ஓட்டும்மா."

"எனக்கு ஓட்டத் தெரியாதுடி. இந்த வயசுல விழுந்தா ஒடைஞ்ச எலும்பு ஒட்டாது."

"நான் பிடிச்சுக்கிடுதேன்."

அதே தெருவில் இருந்த சோலையம்மாள் தன் வாசலுக்கு வந்து நின்றுகொண்டாள். செல்வலட்சுமி சேலையை வரிந்து செருகினாள். அந்தச் சின்னச் சைக்கிளில் உட்கார்ந்தபோது முழங்கால் இரண்டும் கைப்பிடியில் இடித்தன. சினேகா பின் கேரியரைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள். முதல் தடவை வேலிக்குள் போனார்கள். இரண்டாம் தடவை ஒரு கோழி உயிர் தப்பியது. மூன்றாம் தடவை சக்கரம் நேராக ஓட ஆரம்பித்தது. தெரு முடிந்து, கம்பெனிக்குப் போகும் செம்மண் பாதை வந்தது. வெயில் தணிந்திருந்தது, எதிரே ஆளில்லை.

"விட்ராதடி, விட்ராத" என்று கத்தினாள் செல்வலட்சுமி.

"நான் அப்பவே விட்டுட்டேன்" என்று வெகுதூரத்திலிருந்து சினேகாவின் குரல் கேட்டது.

செல்வலட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே மிதித்தாள். அந்தச் சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பின.